விதை முளைக்கவில்லையா? தண்ணீர் ஊற்றும் முன் தோண்டிப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். நாற்று கேட்டு வருகிறவர்களுக்குச் சமமாக, "அண்ணே, விதை முளைக்கலை" என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். கையில் காலி பாக்கெட் இருக்கும். "டூப்ளிகேட் விதையைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்பார்கள். சில சமயம் அது உண்மைதான். ஆனால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "மண்ணுக்குள்ள இப்ப அந்த விதை எப்படி இருக்கு?" இதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் அபூர்வம்.

முளைக்காத விதை தூங்கிக்கொண்டிருக்கலாம், செத்திருக்கலாம், எறும்பு தூக்கிப்போயிருக்கலாம், முளைத்து மேலே வர முடியாமல் திணறிக்கொண்டும் இருக்கலாம். மேலிருந்து பார்த்தால் நாலும் ஒரே வெறும் மண்தான். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கும். அதனால் தோண்டி எடுத்த விதை எப்படி இருக்கிறது என்பதை வைத்தே கீழே எல்லாவற்றையும் பிரித்திருக்கிறேன். உங்கள் விதைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன்: நாள் ஆகிவிட்டதா?

வரும் புகாரில் பாதி இங்கேயே முடிந்துவிடும். நம் ஊர் வெயிலில், ஈரம் சரியாக இருந்தால் தண்டுக்கீரை, அரைக்கீரை 3 முதல் 5 நாள். வெண்டை, தட்டைப்பயறு 4 முதல் 6. தக்காளி 5 முதல் 8. கத்தரி 7 முதல் 10. பாகல் ஒரு வாரத்துக்கு மேல். மிளகாய் 8 முதல் 14. கொத்தமல்லி 8 முதல் 15. பப்பாளி இரண்டு மூன்று வாரம். மிளகாய் விதைத்த ஐந்தாம் நாள் போன் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது "பொறுங்க" மட்டும்தான்.

இந்தக் கணக்கைப் போல ஒன்றரை மடங்கு நாள் போன பிறகும் அசைவில்லை என்றால் ஒரு பழைய ஸ்பூனால் ஐந்தாறு இடத்தில் மெதுவாகக் கிளறுங்கள். கிடைத்த விதைகளைக் கழுவி வெள்ளைத் தட்டில் வையுங்கள். நகத்தால் அமுக்கிப் பாருங்கள்.

## விதை கல் போல அப்படியே இருக்கிறது

போட்டபோது இருந்த அளவுதான், பருக்கவில்லை, அமுக்கினால் நகம்தான் வலிக்கிறது. தண்ணீர் உள்ளே போகவில்லை என்று பொருள்.

மண்ணில் ஈரம் இருந்ததா? காலையில் தெளித்த தண்ணீர் மதியம் மொட்டைமாடித் தொட்டியில் விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்துவிடும். தோண்டிய விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் பருத்திருந்தால் விதையில் குற்றமில்லை. திரும்ப விதைத்து, மேலே ஈரச் சாக்கோ வைக்கோலோ போட்டு மூடி, காலை மாலை பூவாளியில் தெளியுங்கள். முதல் முளை தலைகாட்டியதும் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும்.

இரவு ஊறியும் பருக்கவில்லையா? தோல் கெட்டி. சங்குப்பூ, சூபாபுல் (சவுண்டல் மரம்), வாகை, கருவேலம், சரக்கொன்றை, மஞ்சாடி, தாமரை எல்லாம் இந்த வகை. இவை தூங்குகிற விதைகள், செத்தவை இல்லை. தோலில் ஒரு வாசல் திறந்துவிட்டால் போதும். செலவில்லாத வழியிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வழி உரசுவது. உப்புத்தாள் ஒரு துண்டு, அல்லது நகவெட்டி. விதையில் காம்பு ஒட்டியிருந்த தழும்பு ஒன்று தெரியும். அந்தப் பக்கம்தான் முளைக்கரு இருக்கும், அதைத் தொடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் உரசுங்கள். தோலின் நிறம் மாறி உள்ளே வெளுப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு தண்ணீரில் போட்டால் ஒரே இரவில் இரண்டு மடங்காகப் பருக்கும். பருக்காததை மட்டும் எடுத்து மறுபடி உரசலாம். இருபது முப்பது விதைக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

தாமரைக்கும் இதேதான். ஆன்லைனில் தாமரை விதை வாங்கி வாரக்கணக்காகத் தண்ணீரில் போட்டு வைத்து, "மிதக்கவும் இல்லை, முளைக்கவும் இல்லை" என்று கொண்டுவருவார்கள். ஒரு முனையைத் தரையில் தேய்த்து வெண்மை தெரிய வைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சையாக மூக்கு நீட்டும். அந்தத் தோலின் கெட்டியை லேசாக நினைக்காதீர்கள். வடகிழக்குச் சீனாவில் ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து எடுத்த, சுமார் 1300 ஆண்டு வயதான தாமரை விதையை உரசி முளைக்க வைத்திருக்கிறார்கள். உங்களுடையது போன மாதம் பாக்கெட் போட்டது.

ஓர் எச்சரிக்கை: குன்றிமணியை உரசாதீர்கள். அதன் தோல் உடையாதவரைதான் ஆபத்து குறைவு; உள்ளே இருப்பது கொடிய விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த விதையையே வைக்க வேண்டாம்.

இரண்டாவது வழி வெந்நீர். விதை நூற்றுக்கணக்கில் இருந்தால் உரசி மாளாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு விதையைக் கொட்டுங்கள். விதையைப் போல ஐந்து மடங்காவது தண்ணீர் இருக்கட்டும். அப்படியே இரவு முழுக்க ஆற விடுங்கள். அடுப்பின் மேல் வைத்தே விதையைப் போட்டால் அது சுண்டல். சூபாபுல், வாகை, சங்குப்பூவுக்கு இது நன்றாக வேலை செய்யும். சரக்கொன்றைக்கு எனக்குப் பாதிப் பலன்தான் கிடைத்தது, அதற்கு உரசலே மேல். வெண்டை, பாகல், பீர்க்கு போன்ற காய்கறி விதைகளை வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெண்டைக்குச் சாதாரணத் தண்ணீரில் 12 மணி நேர ஊறல் போதும். பாகலுக்கு ஊறலோடு கூர்முனையை லேசாகக் கிள்ளிவிட்டால் சீக்கிரம் வரும்.

கருவேலத்துக்கு நாட்டு வழி ஒன்று உண்டு. ஆடுகள் நெற்றைத் தின்று, விதையைக் கிடை போட்ட இடத்தில் விட்டுப்போகும். அங்கே பொறுக்கிய விதை, மரத்தடியில் பொறுக்கியதைவிட நன்றாக முளைக்கும். ஆட்டின் வயிறு நம் உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடுகிறது.

தேக்குக்குப் பொறுமைதான் முதலீடு. காய்களைச் சாக்கில் கட்டி இரவு தண்ணீரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, இப்படியே ஒரு வாரம் பத்து நாள் மாற்றி மாற்றிச் செய்த பிறகு பாத்தியில் போட வேண்டும். அப்போதும் எல்லாம் ஒரே நாளில் வராது, வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக எழும்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: மர விதை கிலோக்கணக்கில் இருந்து, வெந்நீர் சோதனையில் பத்துக்கு மூன்று கூடப் பருக்கவில்லை என்றால். இந்த இடத்தில்தான் சிலர் யூடியூப் பார்த்துவிட்டுக் கந்தக அமிலம் வாங்கப் போகிறார்கள். அடர் அமிலத்தில் விதை நேர்த்தி செய்வது நர்சரிகளில் உள்ள முறைதான், ஆனால் நிமிடக்கணக்கு தவறினால் விதை வெந்துவிடும், கை தவறினால் கண் போய்விடும். பக்கத்து வனத்துறை நாற்றங்காலிலோ, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனத்திலோ கேட்டுச் செய்யுங்கள்.

## ஊறிப் பருத்திருக்கிறது, கெட்டியாகவும் இருக்கிறது, ஆனால் முளை இல்லை

தண்ணீர் உள்ளே போய்விட்டது, அழுகவும் இல்லை. விதை எதற்கோ காத்திருக்கிறது. தவறான வைத்தியம் அதிகம் நடப்பது இங்கேதான். பலர் இன்னும் தண்ணீரை ஊற்றி, தூங்கிய விதையைச் சாகடித்துவிடுகிறார்கள்.

குளிரா, சூடா? மிளகாய், கத்தரி, பாகல், புடலை எல்லாம் 25 முதல் 30 டிகிரியில் உற்சாகமாக வரும். மார்கழி, தைக் குளிரில் அப்படியே நிற்கும். விதைத்த தட்டை ராத்திரியில் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். காசில்லாத வைத்தியம்.

சாலட்டுக்குப் போடும் லெட்டூஸ் கீரை இதற்கு நேர் எதிர். மண்ணின் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் முளைக்க மறுத்துவிடும். கோடையில் மாடியில் போட்டுவிட்டு விதைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. ஈரத் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு நிழலில் விதையுங்கள். மேலே மண்ணும் மூட வேண்டாம், அதற்கு வெளிச்சம் பிடிக்கும். கொத்தமல்லியும் சித்திரை வெயிலில் முரண்டு பிடிக்கும். விதையைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து, நிழல்வலைக்குக் கீழே போடுங்கள்.

பழத்திலிருந்து நீங்களே எடுத்த விதையா? பப்பாளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையும், தக்காளி, வெள்ளரி விதையைச் சுற்றியுள்ள கூழும் முளைப்பைத் தடுத்து வைப்பவை. பழத்துக்குள்ளேயே முளைத்துவிடக் கூடாதே, அதற்கான ஏற்பாடு. பப்பாளி விதையைச் சாம்பல் போட்டுப் பிசைந்து உறையை உரித்துக் கழுவுங்கள். தக்காளிக் கூழை ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு அலசினால் விதை தனியாக அடியில் தங்கும். கறிவேப்பிலை, வேம்பு இரண்டுக்கும் சதையை நீக்கினால் போதும்.

புதிதாக அறுத்த விதையா? கும்பகோணம் பக்கம் இருக்கும் என் மச்சினன் ஒரு வருடம் குறுவைப் பருவத்தில் அறுத்த நெல்லையே எடுத்து, அதையடுத்து வரும் தாளடிப் பருவத்துக்கு நாற்றுவிட்டான். மூன்று நாளாகியும் முளை கட்டவில்லை. "மாமா, சொந்த நெல்லு, நானே அறுத்தது, இது எப்படிச் சாகும்?" என்றான். சாகவில்லை. சில நெல் ரகங்கள் அறுத்தபின் சில வாரம் உறங்கித்தான் எழும். கதிரிலேயே மழையில் முளைத்துவிடாமல் காப்பதும் அந்த உறக்கம்தான். நன்றாக வெயிலில் காயவைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வைத்திருந்தால் தானாகத் தெளியும். மச்சினன் அந்த முறை வேறு விதை வாங்கித்தான் நாற்றுவிட்டான். ஒதுக்கி வைத்த அதே நெல் பிறகு முளைத்தது.

கொடி ஓடும் நிலக்கடலை ரகங்களுக்கும் இந்த உறக்கம் உண்டு. கொடி ஓடாத கொத்து ரகங்களுக்குக் கிடையாது. அவற்றின் தொல்லை வேறு, கடைசித் தலைப்பில் வருகிறது.

அவசரம் என்றால் நெல்லுக்கு 50 டிகிரி சூட்டில் சில நாள் வைப்பது, நீர்த்த நைட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைப்பது, கடலைக்கு எத்ரல் என்ற ரசாயனம் போன்ற வழிகள் இருக்கின்றன. இதை வீட்டில் முயல வேண்டாம். ஏக்கர் கணக்கில் நாற்றுவிட வேண்டிய நிலையில் இருப்பவர்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் மட்டும் செய்யுங்கள். ரகத்துக்கு ரகம் அளவு மாறும்.

ஆப்பிள், பிளம்ஸ், பேரி விதையா? கொடைக்கானல் போய்வந்தவர்கள் பிளம்ஸ் கொட்டையும் பேரி விதையும் கொண்டுவருவது வழக்கம். இவற்றுக்கு ஒரு குளிர்காலம் கழிந்த உணர்வு வர வேண்டும். ஈர மணலில் கலந்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் (ஃபிரீசரில் இல்லை) மூன்று மாதம் வையுங்கள், பிறகு பாதிக்கு மேல் வரும். ஒட்டன்சத்திரத்து வெயிலில் அது காய்க்குமா என்று கேட்காதீர்கள். பதில் உங்களுக்கே தெரியும்.

## அமுக்கினால் கூழாகிறது

மூக்கருகில் கொண்டுபோனால் நாற்றமும் அடிக்கும். இந்த விதை முடிந்தது. ஏன் என்று கண்டுபிடித்தால்தான் அடுத்த விதை பிழைக்கும்.

தண்ணீர் அதிகமானதா என்று முதலில் பாருங்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா? தென்னைநார்க் கழிவை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம். குழித்தட்டில் விதைக்கிறவர்கள் பண்ணும் தவறில் முக்கால்வாசி இதுதான்.

அடுத்து, விதைக்கு வயதாகிவிட்டதா? மிச்சமிருக்கும் விதையில் இருபதை எண்ணி, ஈரத் துணியில் இடைவெளி விட்டு வரிசையாக வைத்துச் சுருட்டி, பாலிதீன் பைக்குள் செருகி நிழலில் வையுங்கள். மேலே சொன்ன நாள் கணக்கு முடிந்ததும் பிரித்து எண்ணுங்கள். பதினாலு வந்தால் நல்ல விதை. எட்டு வந்தால் இரட்டிப்பாகப் போட்டு ஒப்பேற்றலாம். இரண்டு மூன்று என்றால் கோழிக்குப் போடுங்கள், மருந்து தடவிய விதை என்றால் அதுவும் வேண்டாம், குழி வெட்டிப் புதையுங்கள். வெங்காய விதை சீக்கிரம் கிழடாகிவிடும். போன வருடத்து வெங்காய விதையைச் சோதிக்காமல் விதைக்கவே கூடாது.

விதை கிழடாவது வைக்கும் இடத்தைப் பொறுத்தது. காய்கறி விதையில் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு, வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. பாட்டி சுரைக்குடுவையில் சாம்பலோடு விதையைப் போட்டு அடைத்து வைத்தது இதற்காகத்தான். அடுப்புக்கு மேலே பரணில் பாலிதீன் கவரில் வைப்பது, விதையைக் கொல்ல நல்ல வழி.

ஆனால் இதே காயவைக்கும் புத்தியை மா, பலா, நாவல், கறிவேப்பிலை, வேம்பு இவற்றிடம் காட்டினால் தலைகீழாகிவிடும். இவற்றுக்கு உறக்கம் என்பதே பெரிதாகக் கிடையாது. பழத்திலிருந்து எடுத்த கையோடு மண்ணுக்குப் போக வேண்டும். "ஆறு மாசமா நல்லா காய வச்சு டப்பால வச்சிருக்கேன்" என்று ஒரு அக்கா நாவல் கொட்டை கொண்டுவந்தார், ஒன்றுகூடத் தேறவில்லை. வேம்பு இரண்டு மூன்று வாரம் தாங்கும், அவ்வளவுதான். ஆன்லைனில் கறிவேப்பிலை விதை, பலா விதை பாக்கெட் விற்கிறவர்களிடம் வாங்கும் முன் யோசியுங்கள்.

தண்ணீரும் அளவு, விதையும் புதிது, அப்படியும் அழுகுகிறது என்றால் மண்ணில் பூசணம். விதை நேர்த்தி செய்யுங்கள்: கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி (கெட்ட பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் (அதே வேலை செய்யும் பாக்டீரியா) 10 கிராம். வீட்டு அளவுக்கு என்றால் ஒரு சிட்டிகை. பாக்கெட் விதை சிவப்பு, பச்சை என்று சாயத்தோடு இருந்தால் ஏற்கெனவே மருந்து ஏறிய விதை. அதை ஊறவைக்காதீர்கள், வெறுங்கையால் அளையவும் செய்யாதீர்கள்.

## தோண்டினால் விதையே இல்லை

கீரை என்றால் எறும்பு. ஒரே மதியத்தில் பாத்தியைத் துடைத்து வைத்துவிடும். விதையை மணலோடு கலந்து தூவி, பாத்தியைச் சுற்றிலும் கொஞ்சம் குருணையோ ரவையோ போடுங்கள், எறும்பு அதோடு திருப்தியாகிவிடும். பட்டாணி, கடலை, மக்காச்சோளம் காணோம் என்றால் புறா, மயில், அணில், எலி என்று சந்தேகப் பட்டியல் நீளம். முளைத்து இரண்டு இலை விடும்வரை வலை போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

## வேர் விட்டிருக்கிறது, மேலே வரவில்லை

ஆழம்தான் காரணம், அநேகமாக எப்போதும். விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். கீரையை மூடவே வேண்டாம், கையால் தடவிவிட்டால் சரி. கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். அவரை, பாகலுக்கு இரண்டு மூன்று. விரலை முழுசாக விட்டுக் குழி போட்டுத் தக்காளி விதைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

ஆழம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், மழைக்குப் பின் செம்மண் பொருக்குத் தட்டியிருக்கும். முளை முட்டி முட்டி மடங்கியிருப்பதைப் பார்க்கலாம். பூவாளியால் நனைத்து, விரலால் பொருக்கை உடைத்துவிடுங்கள். அடுத்த முறை விதையை மண்ணால் மூடாமல், மணலும் மட்கிய எருவும் கலந்து மூடுங்கள்.

பனை தனிக் கதை. கொட்டை போட்டுப் பல மாதமாகியும் மேலே ஒன்றும் காணோம் என்று தோண்டி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். பனை முதலில் கீழ்நோக்கித்தான் போகும். விதையிலிருந்து ஒரு குழாய் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு கட்டும். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். முதல் ஓலை அதற்கும் பிறகுதான். ஏரிக்கரையில் பனை நட்ட இளைஞர்கள், ஒரு வருடத்துக்கு அந்த இடத்தைக் கிளறாமல் விடுங்கள். தென்னைக்கு வேறு கணக்கு. ஆறு மாதத்தில் முளை காட்டாத நெற்றை நாற்றங்காலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

## முளைத்து வந்தது, இரண்டு மூன்று நாளில் சாய்ந்தது

தண்டின் அடியில் பாருங்கள். மண்ணை ஒட்டி நீர்க்கோத்தாற்போல் மெலிந்து கறுத்திருந்தால் நாற்றழுகல். தண்ணீரைக் குறையுங்கள், நெருக்கத்தைக் கலையுங்கள், காற்று படவிடுங்கள். பரவுகிறது என்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். இதையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே சமயத்தில் போடாதீர்கள். அதுவும் பூசணம்தான், செத்துப்போகும். விற்பனைக்கான நாற்றங்காலில் இரண்டாவது தடவையும் இதே பாத்தியில் வந்தால் மண்ணோடு கொஞ்சம் நாற்றையும் எடுத்துக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

அடி நன்றாக இருந்து, ஒல்லியாக நீண்டு சாய்ந்தால் வெளிச்சக் குறைவு. விதைத்தோல் தொப்பி மாதிரி தலையில் மாட்டியிருந்தால் மேல்மண் காய்ந்திருக்கிறது. எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஊறவைத்து மெதுவாக உருவுங்கள். இழுத்தால் தலையோடு வந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

## பாதிதான் முளைத்தது

நூற்றுக்கு நூறு எந்த விதையும் வராது. சோதித்துச் சான்று கொடுத்து விற்கும் சான்று விதைக்கே அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதம், தக்காளி, கத்தரி, நிலக்கடலைக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. மிளகாய் பத்துக்கு ஆறு வந்தால் சண்டைக்குப் போக முடியாது.

அதற்கும் கீழே போனால் அட்டையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். சோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம் அதன் காலம். காலம் கடந்ததை விற்றிருந்தால் கடைக்காரர் பேச முடியாது.

விதைதான் காரணம் என்று துணிச் சோதனையிலும் உறுதியானால், இனி இது நீங்கள் தனியாகத் தீர்க்கிற விஷயம் இல்லை. பாக்கெட், அட்டை, பில், திறக்காத பாக்கெட் ஒன்று அல்லது மிச்ச விதை, இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். காலி பாக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. மாவட்ட விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் கட்டி மாதிரியைக் கொடுத்தால் முளைப்புத்திறன், ஈரப்பதம், தூய்மை மூன்றையும் பார்த்து எழுதித் தருவார்கள். அவர்கள் 400 விதையை எண்ணி வைத்துச் சோதிப்பவர்கள். நம் இருபது விதைத் துணியைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். புகாரை விதை ஆய்வாளரிடம் கொடுங்கள். 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி மாதிரி எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. வயல் காய்வதற்குள், உழுது மறுவிதைப்பு செய்வதற்கு முன்பே அவரை வரவழைப்பது முக்கியம். நட்டஈடு கேட்க நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது.

## முளைக்கக் கூடாத நேரத்தில் முளைக்கிறது

இதுவும் அதே நோயின் மறுபக்கம். கொத்து நிலக்கடலை முற்றி நிற்கும்போது இரண்டு நாள் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். உளுந்து, பாசிப்பயறு செடியிலேயே நெற்றுக்குள் முளைவிடும். உறக்கம் இல்லாத விதைக்கு ஈரம் பட்டால் நாளா பார்க்கும்?

முளைத்துவிட்டதற்கு வைத்தியம் கிடையாது. மழை வருகிறது என்றால் நாலைந்து செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உள்பக்கம் கறுத்திருந்தால் முற்றிவிட்டது, அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பிடுங்கிவிடுங்கள். நெற்று முக்கால்வாசி காய்ந்த உளுந்தை எல்லாம் காயட்டும் என்று விட்டுவைக்காதீர்கள். ஐப்பசி மழையோடு சீட்டாடித் தோற்றது நான் மட்டும் இல்லை. விதைக்கென்று ஒதுக்கும் கடலையில் மூக்கு நீட்டியதைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அது மறுபடி முளைக்காது. மிச்சத்தை ஓட்டோடு காயவைத்து, விதைக்கும் வாரத்தில்தான் உடைக்க வேண்டும். உடைக்கும்போது அந்தச் சிவப்புத் தோல் உரியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், உரிந்தது சட்டினிக்கு.